கூண்டுப் பறவைக்கும் ஓர் இரவு வேண்டும்

இரவு பதினொரு மணிக்குக் காங்கேயத்தைத் தாண்டிக் கரூர் சாலையில் வெள்ளகோவிலுக்குள் நுழைகிறவருக்கு, ஊர் தூங்கப் போனதாகவே தெரியாது. தறி குடோன்களின் ஜன்னல்களில் டியூப் லைட் வெளிச்சம். சந்துக்குச் சந்து தறிச்சத்தம். பகல் ஷிப்ட்டுக்கு 12 மணி நேரம், நைட் ஷிப்ட்டுக்கு 12 மணி நேரம் என்று ஓடும் ஊரில் ஆள்தான் மாறுவார், தறி நிற்காது. பல வீடுகளில் தறி குடோனுக்கும் படுக்கிற அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அப்படிப்பட்ட வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், கம்பிக் கூண்டுக்குள் ஒரு ஜோடி ‘லவ் பேர்ட்ஸ்’ உட்கார்ந்திருக்கும். காலை ஆறு மணிக்கு விழித்தவை அவை. வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்து விளக்கை அணைக்கும்வரை, ஏறக்குறைய 17 மணி நேரம், அவற்றுக்குப் பகல்தான்.

இந்தப் பறவைகளுக்குத் தீனியில் குறை வைப்பவர்கள் இந்தப் பக்கம் குறைவு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம் போகிற ஊர் இது. தினை வாங்கிப் போடுகிறார்கள், கொத்தமல்லித் தழை வைக்கிறார்கள், கூண்டில் கடல் நுரை கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் காசு செலவில்லாத ஒன்று பெரும்பாலான கூண்டுகளுக்குக் கிடைப்பதில்லை. அதுதான் இருட்டு. லவ் பேர்ட்ஸ், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், காக்டெயில் போன்ற கிளி இனங்களுக்கு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் தொடர்ந்த இருட்டும் அமைதியும் வேண்டும் என்பதே பறவை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதைக் கொடுக்க முடியாத வீடு பறவை வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கடையில் நாம் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டு வாங்குவது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பட்ஜரிகர் என்ற சின்னக் கிளி. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் உலகம் முழுக்கக் கூண்டுகளில் பெருகிவிட்டது. பறவைகளின் தூக்கம் பாலூட்டிகளின் தூக்கத்தைவிட எளிமையானது, அதில் கனவுத் தூக்கம் மிகக் குறைவு என்று பழைய ஆய்வுகள் சொல்லிவந்தன. பட்ஜரிகரைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 2020-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சோஃபியா கனவன், டேனியல் மார்கோலியாஷ் இருவரும் இந்தக் கிளிகளின் மூளை மின்னலைகளை இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். மொத்தத் தூக்கத்தில் 26.5 சதவீதம், விழிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம். மனிதனின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகமாகவும், கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகமாகவும் இருந்தது. அதிலும் நம்மைப் போலவே.

பழைய ஆய்வுக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? அதே ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். அந்த ஆய்வில் பயன்படுத்திய விளக்கு ஏற்பாட்டைத் திரும்ப அமைத்தபோது, கிளிகளின் தூக்க அமைப்பே குலைந்தது. அதாவது, முந்தைய தலைமுறை விஞ்ஞானிகள் அளந்தது பறவையின் இயல்பான தூக்கத்தை அல்ல. விளக்கொளியில் கெட்டுப்போன தூக்கத்தை. ஆய்வகத்தில் நடந்தது ஹாலில் நடக்காது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டால் வெளிச்சம் தெரியாதே என்று கேட்கலாம். பறவைக்கு அது போதாது. 1930-களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பென்வா வாத்துகளின் கண்களுக்கு ஒளி போகாமல் தடுத்துப் பார்த்தார். அப்போதும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் ஒளிக்கு ஏற்ப வளர்ந்தன. பறவையின் மெல்லிய மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் போகும் ஒளியை உணரும் செல்கள் அங்கேயே இருக்கின்றன என்பது பின்னர் உறுதியானது. பகல் எவ்வளவு நீளம் என்பதை இந்தச் செல்கள் கணக்கு வைத்துக்கொள்கின்றன. இறகு உதிர்ப்பது, முட்டை இடுவது, தூங்குவது எல்லாமே அந்தக் கணக்கோடு பின்னியவை. வெள்ளகோவில் இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரமே வித்தியாசம். வருடம் முழுக்க 11 மணி நேரத்துக்குக் குறையாத இரவு இந்த ஊருக்கு இயற்கையிலேயே உண்டு. அதை ஹால் விளக்கு பாதியாக வெட்டிவிடுகிறது.

இதன் விளைவை அறிய வெளிநாட்டு ஆய்வுகூட வேண்டியதில்லை. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டால் போதும். முட்டைக் கோழிக்குப் பகலொளியோடு விளக்கொளியும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது அந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம். வெளிச்சம் நீண்டால் உடல் முட்டைக்குத் தயாராகிறது. பண்ணைக்காரர் அதைத் தெரிந்து, தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டி, கணக்குப் பார்த்துச் செய்கிறார். நம் வீட்டு ஹாலில் அதே 16 மணி நேரத்தை யாரும் திட்டமிடாமலேயே ஒரு கைப்பிடி அளவுள்ள கிளிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அதோடு கூண்டுக்குள் மண் கலயம் வேறு. லவ் பேர்ட்ஸ் வாங்கும்போதே கடைக்காரர் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். பறவை தூங்குவதற்கு என்று நினைத்து நாமும் வருடம் முழுக்கத் தொங்கவிடுகிறோம். பட்ஜரிகர் தூங்குவதற்குக் கலயம் தேவையில்லை. அது குச்சியில் உட்கார்ந்தே தூங்கும். கலயம் அதற்கு முட்டையிடும் பொந்து. நீண்ட வெளிச்சம், குறையாத தீனி, எப்போதும் ஒரு பொந்து ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெட்டை ஓயாமல் முட்டை வைக்கும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அதன் எலும்பிலிருந்து சுண்ணாம்பு போகும். ஒரு நாள் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு, கூண்டின் அடியில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்று கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பல நேரம் முடிந்துவிடுகிறது.

இந்த வாதத்துக்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “அதுக்கெல்லாம் பழகிப்போச்சுங்க.” தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தறி நின்றால்தான் விழித்துக்கொள்கிறார்கள், பறவை மட்டும் பழகாதா?

குறைந்த தூக்கத்தில் சமாளிக்கும் பறவைகள் உண்டுதான். கலாபகஸ் தீவுகளின் கடற்பறவையான ஃப்ரிகேட் பறவைகளின் தலையில் சின்னப் பதிவுக் கருவியைப் பொருத்தி, நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாள்கணக்கில் கடல்மேல் பறக்கும்போது அவை ஒரு நாளைக்குச் சராசரியாக 42 நிமிடம்தான் தூங்கின. தரைக்கு வந்ததும் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கின. பழகிப்போயிருந்தால் கரையில் அவ்வளவு நேரம் தூங்க வேண்டிய தேவை இருந்திருக்காது. அந்தப் பறவைக்குத் திரும்பி வர ஒரு கரையாவது இருக்கிறது.

வெளிச்சத்துக்குப் பழகுவது பற்றி இன்னொரு சான்று மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து. 2020-இல் ஆன் ஆல்ஸ்புரூக் குழுவினர் தெருவிளக்கின் அளவுள்ள ஒளியைப் புறாக்கள் மேலும் ஆஸ்திரேலிய மேக்பை பறவைகள் மேலும் இரவில் பாய்ச்சினார்கள். இரண்டின் தூக்கமும் குறைந்தது, துண்டுதுண்டாக உடைந்தது. வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு வைத்தபோது மேக்பைகளுக்குப் பாதிப்பு குறைந்தது. புறாக்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மொட்டைமாடியில் புறாக்கூண்டு வைத்திருக்கும் இளைஞர்கள் இந்தப் பக்கம் ஏராளம். தெருவின் எல்இடி விளக்கு நேராகக் கூண்டில் விழுகிறதா என்று அவர்கள் இன்று இரவே ஏறிப் பார்க்கலாம். அந்தப் பக்கம் ஒரு தகரமோ தென்னந்தட்டியோ போதும்.

சத்தத்தையும் தள்ளிவிட முடியாது. தறி ஓடும் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. சீரான தறிச்சத்தத்தைவிடப் பறவையை அதிகம் உலுக்குவது திடீர் மாற்றம்தான். கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்று, பிறகு மொத்தமாகக் கிளம்புவது. நடுநிசியில் லாரி ஹாரன். யாரோ வந்து பட்டென்று லைட்டைப் போடுவது. காக்டெயில்கள் இதில் மிகவும் பலவீனமானவை. இருட்டில் மிரண்டு, இறக்கையைக் கம்பியில் அடித்துக்கொண்டு, ரத்தம் வரும் அளவுக்கு இறகை முறித்துக்கொள்ளும். அந்த இனத்துக்கு மட்டும் மூலையில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிவது நல்லது. மிரண்டாலும் குச்சி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அப்படியானால் தறி வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கூண்டின் இடம். வாத்துகள் வரிசையாகத் தூங்கும்போது ஓரத்தில் இருப்பது வெளிப்பக்கக் கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை விழித்திருக்கச் செய்கிறது என்று 1999-இல் ராட்டன்போர்க்கும் சகாக்களும் காட்டினார்கள். நாலு பக்கமும் ஆள் நடமாடும் ஹாலின் நடுவே தொங்கும் கூண்டில் எல்லாப் பறவையும் ஓரத்துப் பறவைதான். ஆகவே இரவுக்கு மட்டுமாவது கூண்டை, தறி குடோனை ஒட்டாத சுவரின் மூலைக்கு நகர்த்த வேண்டும். ஒன்றிரண்டு பக்கம் சுவர் இருந்தாலே பறவை அடங்கும். வாசலில் தொங்கவிட்டே இரவைக் கழிப்பது கூடாது. பூனை, எலி, பாம்பு மூன்றுக்கும் வழி தெரியும்.

இரண்டாவது நேரம். மாலை ஏழு, ஏழரைக்கு மூடிக் காலை ஆறரைக்குத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் 11 மணி நேரம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். விளக்கைச் சட்டென்று அணைக்காமல், முதலில் பெரிய விளக்கு, கொஞ்சம் கழித்துச் சின்ன விளக்கு என்று குறைத்தால் பறவை தனக்குப் பிடித்த குச்சிக்குப் போய் உட்கார அவகாசம் கிடைக்கும். மேல்குச்சியில் தூங்கத்தான் அவற்றுக்குப் பிடிக்கும். ஜோடிக்குப் போதுமான நீளத்தில் அங்கே ஒரு குச்சி இருக்கட்டும், வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ.

மூன்றாவது துணி. துணி நெய்கிற ஊரில் கூண்டை மூடத் துணி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் துணி என்பதில் கவனம் வேண்டும். அடர்நிறப் பருத்தித் துணி, ஒற்றை மடிப்பு. மூன்று பக்கமும் மேல்பக்கமும் மூடி, சுவரைப் பார்த்த பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். சென்னிமலைப் போர்வை மார்கழிக்குச் சரி. சித்திரை வெக்கையில் அதைப் போட்டு மூடினால் பறவை வெந்துபோகும். டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். கூடு கட்டட்டும் என்று ஃபின்ச் கூண்டுக்குள் தறி வேஸ்ட் நூலைப் போடும் பழக்கமும் இங்கே ஆபத்து. நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

கொசுவுக்கும் வழி சொல்லியாக வேண்டும். மூடிய அறை, பக்கத்தில் எரியும் கொசுவர்த்திச் சுருள் என்ற கூட்டணி பறவைக்கு ஆகாது. பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்த சுவாச அமைப்பு, காற்றில் இருக்கும் எதையும் நம்மைவிட வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கொசுவையும் விட்டுவிட முடியாது. பறவைகளுக்கு அம்மை நோயைப் பரப்புவது அதுதான். கூண்டுக்கு மேல் ஒரு கொசுவலையைத் தொங்கவிடுவதே சுருக்கமான தீர்வு.

தூக்கம் போதுகிறதா என்பதைப் பகலில்தான் பார்க்க வேண்டும். நண்பகலில் ஒரு குட்டித் தூக்கம் இயல்பு. ஒரு காலைத் தூக்கி வயிற்றோடு ஒட்டிவைத்து, தலையைப் பின்னால் திருப்பி இறகுக்குள் புதைத்துத் தூங்கும் பறவை நிம்மதியாக இருக்கிறது. பகல் முழுக்க இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலிலும் நின்றபடி கண் சொருகுவது, கையை நீட்டினால் கடிக்க வருவது, தன் இறகைத் தானே பிடுங்குவது எல்லாம் ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம். தூக்கக் குறைவாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். இரை விலங்குகளின் குணப்படி கிளிகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் நல்ல இருட்டு கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இதையெல்லாம் எழுதுவது சுலபம். இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குக் கிளியோடு விளையாடும் அரைமணி நேரம்தான் அன்றைக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு. அவர் வரும்போது கூண்டை மூடிவை என்பது கடுமையான யோசனைதான். அதற்கு மாற்று, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் அந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொள்வது. நைட் ஷிப்ட் போகிறவருக்குச் சாயங்காலம் இருக்கிறது. ஒரே அறையில் சமையல், டிவி, பிள்ளைகளின் படிப்பு, படுக்கை எல்லாம் நடக்கும் லைன் வீடுகளில் இதுவும் முடியாது. அந்த வீட்டில் பறவை வளர்ப்பது பறவைக்கு நியாயமாக இருக்காது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பச்சைக்கிளி, மைனா, சில்லை போன்ற நம் நாட்டுப் பறவைகளை எந்த வீட்டிலும் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இருட்டறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றமில்லை.

பறவைக்காக மனிதர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கலாம். சென்னிமலை அருகே வெள்ளோடு ஏரி 1996-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வலசை வந்து மரங்களில் அடையும் பறவைகள் மிரளக்கூடாது என்று அவர்களே எடுத்த முடிவு அது. பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேயும் தறி உண்டு, அங்கேயும் நோம்பி உண்டு. ஏரிப் பறவைக்காக ஊரே ஒரு இரவை விட்டுக்கொடுக்க முடியும்போது, தன் வீட்டுக் கூண்டுக்காக ஒரு குடும்பம் ஹாலின் ஒரு மூலையை விட்டுக்கொடுக்க முடியாதா?

தனி வீடுகளின் நல்லெண்ணத்தோடு விஷயத்தை விட்டுவிடவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த விதிப்படி, இறைச்சிக்காக வளர்க்கும் கோழிக்குக்கூட ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேர இருட்டு, அதில் நான்கு மணி நேரம் இடைவிடாமல், கொடுத்தாக வேண்டும். சில வாரங்களில் வெட்டப்படப்போகும் கோழிக்கு அங்கே சட்டம் தரும் இரவு, பல வருடம் வாழவேண்டிய வளர்ப்புக் கிளிக்கு இங்கே வீட்டுக்காரரின் தயவில் இருக்கிறது. நம் நாட்டில் செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. கடை நடத்த மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பதிவோடு சேர்த்து ஒரு நிபந்தனை வைப்பது அரசுக்குப் பெரிய வேலையல்ல. விற்கும் ஒவ்வொரு பறவையோடும் எத்தனை மணி நேர இருட்டு, எந்தத் துணி, கலயம் எப்போது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள் போக வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை அதை எழுதிக் கொடுக்கலாம். நகராட்சி, தெருவிளக்குகளின் ஒளி வீட்டு ஜன்னலுக்குள் போகாமல் தரையை மட்டும் பார்க்கும்படி மறைப்பு போடலாம். தூங்க முயலும் நைட் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

அதுவரைக்கும் கடைக்காரர்களே தொடங்கலாம். வாங்க வருகிறவரிடம் கூண்டின் விலையைச் சொல்லும் முன், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்தக் கூண்டு வீட்டில் எங்கே இருக்கும் என்று கேட்கட்டும். டிவி பக்கத்தில் என்று பதில் வந்தால், வேறு இடம் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லட்டும். இடமே இல்லாதவர்களுக்கு, 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த திருப்பூர் நஞ்சராயன் குளம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. டிசம்பர் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு ஜோடிக்குப் பதில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம்.